ஒரே விரல், எல்லாக் கதவும்

உங்கள் ஃபோனுக்குப் பேட்டர்ன் லாக் வைத்திருக்கிறீர்கள் அம்மா. நான் உள்ளே வரும்போது திறந்தீர்கள், பார்த்தேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. ஆங்கில எல். இந்த ஊரில் பாதிப் பேர் எல் போடுகிறார்கள், மீதிப் பேர் இசட் போடுகிறார்கள். மாஜிஸ்திரேட்டின் ஃபோனாவது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும் என்று நினைத்தேன். குறையாகச் சொல்லவில்லை. மாற்றிக்கொண்டால் நல்லது.

நான் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பேசினால் அது எனக்கு எதிராகவே திரும்பும் என்று இரண்டு தடவை எச்சரித்தீர்கள். முதல் தடவையே புரிந்துவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் ஆசை வார்த்தை சொல்லவும் இல்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். வீடு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், மடவார் வளாகத்தில். ஜெயில் வண்டி இல்லாவிட்டால் நடந்தே வந்திருப்பேன்.

பெயர் நவநீதகிருஷ்ணன். ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஒரு மில்லில் சிஸ்டம்ஸ் மேனேஜராக இருந்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லி மனுப் போடப்போவதில்லை. இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் அந்த மில்லுக்குப் போன காலத்தில் அங்கே எத்தனை பாஸ்வேர்டு இருந்தன தெரியுமா? வருகைக்கு ஒன்று, கேண்டீனுக்கு ஒன்று, சம்பளச் சீட்டுப் பார்க்க ஒன்று, லீவு கேட்க ஒன்று. எல்லாவற்றுக்கும் பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும். அதையும் மறந்துவிடுவார்கள் என்று ஃபோன் உறைக்குள் சீட்டு எழுதிச் செருகி வைத்திருப்பார்கள். ஒருத்தி மருதாணியில் எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு வாரத்தில் அழிந்துவிட்டது, சார் மறந்துபோச்சு என்று வந்து நின்றாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு முதலாளி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய ஆசைப்பட்டார்.

நான் ஒரு செயலி எழுதினேன். அதற்குப் பெயரே 'விரல்'தான். அவரவர் ஃபோனில் அவரவர் விரலை வைக்க வேண்டியது. ஒரு தடவை வைத்தால் எல்லாம் திறக்கும். வருகை, சாப்பாடு, சம்பளம், லீவு, புகார், எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவு. விரல்ரேகை ஃபோனை விட்டு வெளியே போகாது. 'ஆம், இது அவர்தான்' என்ற ஒரு பதில் மட்டும் எங்கள் சர்வருக்கு வரும். அதன் அருமை உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. ஒருவர் பதிவை இன்னொருவர் தொடவே முடியாது. முதலாளி முடியாது, நானும் முடியாது. பதிவில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் அந்த ஆளே வந்து அந்த விரலை வைக்க வேண்டும். சென்னையில் பெரிய கம்பெனிகளில் இருக்கிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

கேண்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தேன். பாதிப் பேர் தூங்கினார்கள். ஹெப்சிபா என்று ஒருத்தி, பேண்டேஜ் சுருள் சுற்றுகிற பிரிவு, எப்போதும் ஏதாவது கேட்பாள். "சார், நாங்க அம்புட்டு பேரும் ப்ளீச்சிங்ல கெடந்து வந்தவிய. விரலெல்லாம் தேஞ்சி வழவழன்னு கெடக்கு. இதுல எது சார் பதியும்?" என்றாள். பத்து விரல் இருக்கிறதே, ஏதாவது ஒன்று பதியும் என்றேன். சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெப்சிபாவுக்குப் பக்கத்தில்தான் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். விடியும் முன்னே மில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்து இறங்குவாள். புருஷன் மாரீஸ்வரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவள் ஒரு எண், சேலைக்கு மேல் மாட்டிய ஒரு பச்சை யூனிஃபார்ம் சட்டை.

லிஃப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது மாடியில் சுற்றிய சுருள்களைச் சக்கர வண்டியில் ஏற்றி, சரக்கு லிஃப்ட்டில் கீழே கோடவுனுக்கு இறக்குவார்கள். எந்தச் சரக்கை யார் இறக்கினார்கள் என்று பதிவு வேண்டும் என்றார்கள், சரக்கு வாங்கப்போகிற வெளிநாட்டுக்காரர்கள். நான் லிஃப்ட்டுக் கதவையும் விரலோடு சேர்த்துவிட்டேன். ஃபோனில் விரலை வைத்து, கதவில் ஒட்டிய க்யூஆர் சீட்டுக்கு நேரே ஃபோனைக் காட்டினால் பூட்டு திறக்கும். கதவில் ஏற்கெனவே ஒரு பழைய இரும்புக் கொக்கி இருந்தது. லிஃப்ட் வந்து நின்றால்தான் அது விலகும். அதுவும் என் பூட்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. ஒரு கதவுக்கு இரண்டு அதிகாரிகள் இருக்கக் கூடாது. கொக்கியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள்.

அதன் பிறகு கதவு யார் என்று மட்டும் கேட்டது. லிஃப்ட் எங்கே என்று கேட்கவில்லை.

ஆமாம், எனக்குத் தெரியும். நான் சோதித்துப் பார்த்தபோதே ஒரு தடவை லிஃப்ட் இல்லாமல் கதவு திறந்தது. எட்டிப் பார்த்தேன், கீழே குழி. இரண்டு நாள் உட்கார்ந்தால் சரிசெய்திருக்கலாம். ஆனால் மில்லைப் பார்வையிட வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள், செயலியைத் திறந்து உள்ளே கைவைக்கிற நேரம் அதுவல்ல. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார். தவிர, கண் இருக்கிறவர்கள் பார்த்துத்தானே நடக்க வேண்டும்.

அந்த வாரம் ஒரு புகார் வந்தது. செயலியில் தட்டச்சு செய்தும் அனுப்பலாம், பேசியும் அனுப்பலாம். மாரிச்செல்வி பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் தறிச் சத்தம். "சார், ரெண்டாவது மாடி லிஃப்ட்டு கதவு, லிஃப்ட்டு வராமலே தொறக்கு சார். வண்டிய இழுத்துக்கிட்டு பின்பக்கமாத்தான நடக்கோம், திரும்பிப் பாக்க முடியாது. ஒரு நாளு இல்ல ஒரு நாளு யாராச்சும் விழுந்துருவாவ. செத்த வந்து பாருங்க சார்."

எழுதத் தெரியாதவர்களுக்காக வைத்த வசதி அது. அதில் இப்படித் தகவல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் சாம்பாரைப் பற்றித்தான் வரும்.

பார்வைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, நிலுவையில் புகார் ஏதும் இருக்கிறதா என்பதுதான். புகாரை முடிக்க, கொடுத்தவரின் விரல் வேண்டும். அவளை என் அறைக்கு வரச்சொன்னேன். கதவருகிலேயே நின்றாள். ஏசிக் காற்று பட்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீ சொன்னத கேட்டேன். ஃபோனை எடு. இதுல விரலை வை."

"சரியாக்கிட்டியளா சார்?"

"பாத்துக்கிடலாம். நீ வை."

"இல்ல சார், காலையிலகூடத் தொறந்துச்சே. ஹெப்சிபாதான் எம் முந்தானையப் புடிச்சி இழுத்தா. இல்லன்னா..."

"ஏம்மா, நாளைக்கு ஆள் வாராங்க. இது இப்படியே நின்னா ஆர்டர் போயிரும். ஆர்டர் போச்சுன்னா முதல்ல யார் வேலை போகும், என் வேலையா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஃபோனில் விரலை வைத்தாள். "நீங்க பாத்துக்கிடுவிய சார்" என்றாள். இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் கொடுக்காத வாக்கை அவர்களே நமக்காகக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மறுநாள் மதியம் அவர்கள் வந்தார்கள். வாசலில் கோலம், வாழைமரம், நாயனம். முதலாளி ரசனை அப்படி. மேஸ்திரிகள், கோடவுன் ஆட்கள் எல்லோரும் முன்வாசலில் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். மேலே மட்டும் மெஷின் ஓடியது. நான் கோடவுனில் தனியாக இருந்தேன். நெட்வொர்க் பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கார் இன்னும் சங்கரன்கோவில் விலக்கு தாண்டவில்லை என்று செய்தி வந்திருந்தது.

மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம். அலறல் எல்லாம் இல்லை. லிஃப்ட் குழியிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தது. கீழ்க்கதவைத் திறந்து பார்த்தேன். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. குழியில் வண்டி கவிழ்ந்து கிடந்தது, அதைச் சுற்றிச் சுருள் சுருளாகத் துணி அவிழ்ந்து கிடந்தது. அதற்கிடையில் அவள்.

நான் முதலில் ஃபோனைத்தான் பார்த்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. எல்லோருக்கும் மில்லில் கொடுத்த பையில், கழுத்தில் தொங்கியது. கண்ணாடிகூடக் கீறவில்லை. அந்தக் கணத்தில் என் தலையில் ஓடியது என்னவென்று சொல்கிறேன். இரண்டாவது மாடிக் கதவைத் திறந்தது செயலி. அந்தப் பதிவு இருக்கிறது. அதற்கு முந்தைய நாள், கதவைப் பற்றிய புகார் முடிக்கப்பட்ட பதிவும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படிக்காதவனுக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். இந்த ஊர் மில்லுக்காரர்கள் அத்தனை பேரும் என் செயலியை வாங்க வரிசையில் நின்றார்கள். ஒருத்தி பின்னால் பார்க்காமல் நடந்ததற்காக அது போக வேண்டுமா?

அவரவர் பதிவை அவரவர் திருத்தலாம், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள். அதற்கு அவள் விரல் வேண்டும். அவளுக்குப் பதிகிற விரல் ஒன்றே ஒன்றுதான், இடது கை நடுவிரல். அதில் ரத்தம் இருந்தது. ரத்தம் இருந்தால் சென்சார் எடுக்காது. பக்கத்தில் கிடந்த துணியில் ஒரு முழம் கிழித்துத் துடைத்தேன். புண்ணுக்குக் கட்டுவதற்காகவே நெய்த துணி, நன்றாக உறிஞ்சியது. முதல் தடவை எடுக்கவில்லை. இன்னொரு தடவை துடைத்து வைத்ததும் திறந்தது.

ஒரே நுழைவு என்பதன் முழு அழகும் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தடவை விரல் பட்டது, ஒரு மனுஷியின் அத்தனை கதவும் திறந்துகொண்டது. லிஃப்ட்டுக் கதவைத் திறந்த பதிவைத் 'தவறு' என்று திருத்தினேன். மதியத்திலிருந்து சொந்த வேலையாக அரைநாள் லீவு என்று போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் லீவு போட்டவள் லிஃப்ட் குழியில் எதற்குக் கிடக்கிறாள் என்று கேட்பார்களே. அதனால் அவள் வாட்ஸ்அப்பைத் திறந்து புருஷனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

'அன்புள்ள கணவருக்கு, என்னைத் தேட வேண்டாம். என் முடிவுக்கு யாரும் காரணமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

நம் மாவட்டத்தில் இது வாரத்துக்கு ஒரு தடவை பேப்பரில் வருகிற செய்தி. உள்பக்கம், கீழே, சின்ன எழுத்தில். யாரும் இரண்டாவது தடவை படிப்பதில்லை.

ஃபோனைச் சத்தமில்லாமல் ஆக்கி மறுபடியும் பைக்குள் வைத்தேன். துடைத்த துணியை என் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். ஏறி வந்து கீழ்க்கதவைச் சாத்தினேன். கை கழுவினேன். கார் வந்துவிட்டது.

அன்றைய நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். பெரிய திரையில் எல்லாப் பெயர்களையும் காட்டினேன். யார் எந்த மெஷினில், யார் சாப்பாட்டில், யார் லீவில். மாரிச்செல்வி பெயருக்கு நேரே 'விடுப்பு' என்று மஞ்சளில் இருந்தது. வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரி அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுலபமாக லீவு எடுக்க முடிகிறதா என்று ஆச்சரியப்பட்டாள். முதலாளி என் முதுகில் தட்டினார். நிலுவைப் புகார் எதுவும் இல்லை. பிறகு டீ, பால்கோவா, ஃபோட்டோ. அவர்கள் கிளம்புவேனா என்றார்கள்.

சாயங்காலம் மாரீஸ்வரன் லோடு ஆட்டோவோடு மில் வாசலில் வந்து நின்றான். செய்தியைப் பார்த்த நேரத்திலிருந்து ஃபோன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். வாட்ச்மேன் அவனிடம் அவள் மதியமே போய்விட்டாள் என்றார். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், திரையைக் காட்டி. அந்த நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஹெப்சிபா, "அவ எங்க போனா? டிபன் பாக்ஸு மேலதான கெடக்கு. செருப்பும் அங்கனதான் கெடக்கு. வெறுங்காலோடயா வீட்டுக்குப் போவா?" என்றாள். அதன் பிறகு தேடினார்கள். கீழ்க்கதவைத் திறந்ததும் ஹெப்சிபாதான் முதலில் குதித்தாள்.

உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது என்று கத்தினாள். எல்லோரும் அதை அழுகையோடு அழுகையாகக் கேட்டார்கள். நான் மட்டும் கவனமாகக் கேட்டேன்.

மற்றது நான் நினைத்தபடியே போனது. லீவு போட்டவள், மறைவாக வந்து, கதவைக் கையால் நெம்பித் திறந்து குதித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற வண்டியும் கூடவே சரிந்திருக்கிறது. புருஷனுக்குக் கடைசிச் செய்தியும் அனுப்பியிருக்கிறாள். போலீஸ்காரர்கள் அந்த மூன்று வரியைப் படித்ததும் மாரீஸ்வரனைத்தான் பார்த்தார்கள். குடிப்பியா, அடிப்பியா, என்னடா செஞ்ச என்று கேட்டார்கள். சுடுகாட்டில் வைத்து அவள் அண்ணன் தம்பிகள் அவனை அடித்தார்கள். நான் மில் சார்பில் மாலை கொண்டு போயிருந்தேன், பார்த்தேன். அவன் தடுக்கவே இல்லை. "நான் ஒண்ணும் சொல்லலியே, காலையில நல்லாத்தானப்பா பஸ்ஸு ஏத்திவிட்டேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வாதத்தை எப்படி எடுத்துவைப்பது என்றுகூடத் தெரியாத ஆள். மறுநாள் தற்கொலைக்குத் தூண்டியதாக அவனைக் கைது செய்தார்கள். குழந்தையை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்களாம்.

இல்லை அம்மா, அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்படியும் நிரூபிக்க முடியாமல் விட்டுவிடுவார்கள் என்று தெரியும்.

ஹெப்சிபாதான் கெடுத்தாள். எவ்வளவோ பேர் படித்தவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்தார், மில் வக்கீல் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் தன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மாரிச்செல்வி தனக்கு அனுப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எல்லாம் குரல். பஸ் வருது வா, பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு நீ என்ன கொழம்பு. எழுத்து ஒன்றுகூட இல்லை. "அவளுக்கு எழுதவே தெரியாது சார். எம்பேரைக்கூட நான்தான் அவ ஃபோன்ல ஏத்திக்குடுத்தேன். மச்சான்னு கூப்பிடுதவ, கணவருக்குன்னா எழுதுவா?" என்றாளாம்.

நியாயம்தான். இத்தனை வருஷம் அவர்களுக்கு எழுத்து தெரியாது என்பதை நினைத்து நினைத்து முகம் சுளித்தவன், அந்த ஒரு நிமிடம் மட்டும் அதை மறந்துவிட்டேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் மில்லுக்கு வந்து, ஃபோன் வைத்திருக்கிற ஆபீஸ் ஆட்கள் எல்லோரையும் உட்காரவைத்து அந்த மூன்று வரிச் செய்தியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவரவர் ஃபோனில் தட்ட வேண்டும். எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை 'பாத்துகொல்லுங்கள்' என்று தட்டினார். மேனேஜர் ஆங்கில எழுத்தில் தட்டினார். நானும் தப்பாகத் தட்டியிருக்கலாம். ஒரு ஒற்றெழுத்தை விட்டிருந்தால், கமாவை விட்டிருந்தால், இன்று இங்கே நின்றிருக்க மாட்டேன். அரை நிமிடம் யோசித்தேன். 'கொல்லுங்கள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சரியாகத் தட்டினேன். அந்த அறையில் சரியாகத் தட்டியவன் நான் ஒருவன்தான். இன்ஸ்பெக்டர் என் ஃபோனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

அதன் பிறகு என் வீட்டில் தேடினார்கள். அன்று போட்டிருந்த பேண்ட்டின் பாக்கெட்டில் நூல் இருந்தது, நூலில் அவள் ரத்தம் இருந்தது. துணியை எறிந்துவிட்டேன், நூல் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றவில்லை. என் மனைவி நாகஜோதி அந்தப் பேண்ட்டைத் துவைக்காமல் போட்டு வைத்திருந்தாள். அவள் வேலையெல்லாம் அப்படித்தான்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. போலீஸ் ஸ்டேஷனில் நான், அவள் இறந்து கிடந்தாள் என்று சொன்னேன். விரல் சூடு ஆறுவதற்குள் வைத்தேன் என்றேன். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். இடுப்பும் இரண்டு தொடையும் முறிந்திருந்தன, தலையில் பெரிய அடி இல்லை, உள்ளே ரத்தம் கசிந்து கசிந்து சாயங்காலம் வாக்கில்தான் உயிர் போயிருக்கிறது, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்தான், ஆனாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அவள் விழித்துத்தான் இருந்தாள். நான் குழிக்குள் இறங்கியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வந்துட்டியளா சார்" என்றாள். யாரோ வருவார்கள் என்று தெரிந்தவள் மாதிரி. "காலு ரெண்டும் எங்க கெடக்குன்னே தெரியல சார்" என்றாள். அழவில்லை. வலி இன்னும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். "வீட்டுக்குச் சொல்லிராதிய. பிள்ள பயந்துரும். ஆஸ்பத்திரிக்குப் போன பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். ஃபோனைத் திறக்கணும், விரலைக் கொடு என்றேன். ஆம்புலன்ஸுக்குத்தான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. இடது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள், அதற்கு நேரம் ஆனது. ரத்தத்தைத் துடைத்தபோது, "உங்க கையில ஆயிரும் சார்" என்றாள். முதல் தடவை எடுக்காதபோது, அவளே சேலையில் இன்னொரு தடவை தேய்த்துவிட்டு வைத்தாள். திறந்தது. நான் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். படிக்கத் தெரியாது, அதனால் சிரமம் இல்லை.

ஆள் கூட்டிட்டு வாரேன், பேசாம படு என்று சொல்லிவிட்டு ஏறினேன். கூட்டிக்கொண்டு வரத்தான் இருந்தேன். பார்வைக்கு வந்தவர்கள் போனதும் ஆள் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அவர்கள் டீயோடு கிளம்பியிருந்தால் ஒருவேளை நேரம் இருந்திருக்கும். ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்றது அவர்கள்தான். அவர்கள் கிளம்பிய பிறகு, இவ்வளவு நேரம் கழித்துப் போய் என்ன பதில் சொல்வது என்று ஒரு தயக்கம் வந்துவிட்டது. அவள் பேசுவாளே. அவர்களுக்கு எழுதத்தான் வராது, பேசுவார்கள்.

கதவைச் சாத்தும்போது, "சார், லைட்ட போட்டுட்டுப் போங்க சார்" என்றாள். அந்தக் குழியில் லைட் கிடையாது.

நான் சொன்னதையெல்லாம் உங்கள் டைப்பிஸ்ட் இப்போது படித்துக் காட்டினார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சந்திப்பிழைகளை விட்டுவிடுகிறேன். அவள் சாவுக்கு நான்தான் காரணம், அது தெரிந்தேதான் கதவைச் சாத்தினேன் என்று இருக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொலை என்றே போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நடுவில், 'அவருடைய விரலைப் பலவந்தமாகப் பிடித்து ஃபோனில் வைத்தேன்' என்று அவராகச் சேர்த்திருக்கிறார். அதை நீக்க வேண்டும். நீக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் செயலியில் ஒருவர் விரலை இன்னொருவர் பயன்படுத்தியதாக எங்கேயும் இருக்கக் கூடாது. நான் அவள் கையைப் பிடிக்கவே இல்லை அம்மா. கேட்டேன், கொடுத்தாள். அவள் சம்மதம் அங்கே பதிவாகியே இருக்கிறது, நீங்கள் சர்வரில் பார்த்துக்கொள்ளலாம்.